அழிப்பானைச் சற்றுக் கீழே வையுங்கள்

படிவம் நான்கில் இயற்பியல் எடுத்திருக்கும் உங்களுக்கு இந்தக் காட்சி பழகியதாகவே இருக்கும். ஆய்வுக்கூடத்துத் தாங்கியிலிருந்து ஒரு நூல் தொங்குகிறது. நூலின் நுனியில் ஓர் உலோகக் குண்டு. ஒருவர் அலைவுகளை எண்ணுகிறார், ஒருவர் ஸ்டாப்வாட்சை அழுத்துகிறார், மூன்றாமவர் எழுதுகிறார். 20 அலைவுகளுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று அளந்து, கணக்குப் போட்டு, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் விடை 9.81 என்பது அங்கே நிற்கும் எல்லாருக்கும் முன்பே தெரியும். பாடநூலின் முதல் சில பக்கங்களிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

அப்புறம் என்ன நடக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஐந்து அளவீடுகளில் நான்கு ஒழுங்காக வரும். ஒன்று மட்டும் எங்கோ போய் நிற்கும். உடனே அழிப்பான் வேலை செய்யத் தொடங்கிவிடும்.

நானும் செய்தவன்தான். என் பழைய பரிசோதனை நோட்டுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஊசலின் நீளம் அரை மீட்டர். ஐந்து அளவீடுகள். மூன்றாம் வரிசையில் 9.81 என்று அழகாக எழுதியிருக்கிறேன். அந்த இடத்தில் மட்டும் தாள் மெலிந்து, சொரசொரப்பாக இருக்கிறது. விளக்குக்கு எதிரே பிடித்தால் அடியில் வேறோர் எண் தெரிகிறது: 10.84. ஆசிரியர் சரி என்று குறியிட்டு, பக்கத்தின் அடியில் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அந்த 10.84-க்கு நான் செய்தது அநியாயம் என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில், இதைவிடப் பெரிய இடத்தில் இதே சிக்கல் எழுந்த கதையைப் பார்ப்போம்.

ஈர்ப்பு விசை ஒளியை வளைக்கும் என்று ஐன்ஸ்டைன் சொன்னதும், 1919-ஆம் ஆண்டு சூரிய கிரகணத்தின்போது ஆர்தர் எடிங்டன் அதைப் படமெடுத்து நிரூபித்ததும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரும்பாலான நூல்களில் இந்தக் கதை ஒரு பத்தியில் முடிந்துவிடும். ஐன்ஸ்டைன் ஓர் எண்ணைச் சொன்னார், எடிங்டன் போய் அளந்தார், அதே எண் வந்தது, உலகம் கைதட்டியது. இப்படிச் சொல்லிக்கொடுப்பது தவறு என்பது என் கருத்து. இதைப் படிக்கும் மாணவர், நல்ல விஞ்ஞானியின் கையில் எல்லா அளவீடும் ஒழுங்காகவே வரும் என்று நம்பிவிடுகிறார். தன் அளவீடு ஒழுங்காக வராதபோது அழிப்பானைத் தேடுகிறார்.

உண்மையில் நடந்தது என்ன?

ஒரு நட்சத்திரத்தின் ஒளி சூரியனின் விளிம்பை உரசிக்கொண்டு நம் பூமிக்கு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். சூரியனின் ஈர்ப்பால் அந்த ஒளியின் பாதை சற்று வளையும். அதனால் நட்சத்திரம் தன் வழக்கமான இடத்திலிருந்து கொஞ்சம் விலகி இருப்பதுபோல் நமக்குத் தோன்றும். எவ்வளவு விலகும் என்பதுதான் கேள்வி. நியூட்டனின் ஈர்ப்பு விதியை ஒளிக்கும் பொருத்திப் பார்த்தால் 0.87 விகலை. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாட்டின்படி அதைப்போல் இரு மடங்கு, 1.75 விகலை. ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் விகலை. நம் 20 காசு நாணயத்தை ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ, அவ்வளவுதான் 1.75 விகலை.

பகலில் சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியாது. முழு கிரகணத்தின் சில நிமிடங்களில்தான் தெரியும். 1919 மே 29 அன்று நிகழ்ந்த கிரகணத்துக்கு ஒரு சிறப்பு இருந்தது. அன்று சூரியன் ரிஷப ராசியில், ரோகிணி நட்சத்திரத்தைச் சுற்றித் தெரியும் ஹையடஸ் கூட்டத்துக்கு முன்னால் நின்றது. வளைவை அளக்கப் பிரகாசமான நட்சத்திரங்கள் நிறையக் கிடைக்கும். இங்கிலாந்திலிருந்து இரண்டு குழுக்கள் புறப்பட்டன. எடிங்டனும் கோட்டிங்ஹமும் ஆப்பிரிக்காவின் மேற்கே உள்ள பிரின்சிப்பே தீவுக்குப் போனார்கள். கிராம்லினும் டேவிட்சனும் பிரேசிலில் உள்ள சோப்ரால் என்ற ஊருக்குப் போனார்கள். இரண்டு இடங்களுமே நம் நாட்டைப்போலப் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பவை. அதனால் மழையும் மேகமும் எப்படிக் காலை வாரும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பிரின்சிப்பேயில் அன்று காலை மழை. கிரகணம் தொடங்கிய பிறகும் மேகம் விலகவில்லை. எடுத்த 16 படங்களில் கணக்குப் போடும் அளவுக்கு நட்சத்திரங்கள் பதிந்தவை இரண்டே இரண்டு.

சோப்ராலில் வானம் தெளிந்தது. அங்கே இரண்டு தொலைநோக்கிகள் இருந்தன. ஒன்று கிரீனிச் வான் ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த பெரிய கருவி. மற்றொன்று, எதற்கும் இருக்கட்டும் என்று இரவல் வாங்கி வந்த நான்கு அங்குல வில்லை. பெரிய கருவியில் 19 படங்களும், சிறியதில் 8 படங்களும் எடுத்தார்கள். கிரகணம் முடிந்து மறுநாள் விடிவதற்கு முன்பே பெரிய கருவியின் சில தகடுகளைக் கழுவிப் பார்த்தபோது குழுவினருக்கு வயிற்றைக் கலக்கியது. நட்சத்திரங்கள் புள்ளியாக இல்லாமல் மங்கிப் பரவியிருந்தன. குவியம் மாறிப்போயிருந்தது. சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பி அதன் ஒளியைத் தொலைநோக்கிக்குள் அனுப்பும் கண்ணாடி, வெயிலின் சூட்டில் சீரற்று விரிந்ததுதான் காரணம் என்று கருதினார்கள். இரவல் வில்லையின் படங்களோ கூர்மையாக வந்திருந்தன.

தகடுகள் இங்கிலாந்துக்குப் போயின. பல மாதங்கள் அளந்தார்கள். பெரிய கருவியின் கண்ணாடித் தகட்டில் ஒரு விகலை என்பது ஒரு மில்லிமீட்டரில் அறுபதில் ஒரு பங்கு, தலைமுடியின் தடிமனில் கால்வாசி. முடிவில் மூன்று எண்கள் கிடைத்தன. நான்கு அங்குல வில்லை 1.98 விகலை என்றது. பிரின்சிப்பே 1.61 என்றது. சோப்ராலின் பெரிய கருவி 0.93 என்றது.

அந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். ஐன்ஸ்டைனின் 1.75-க்கு அது எங்கோ தள்ளியிருக்கிறது. நியூட்டன் வழியில் வரும் 0.87-க்குப் பக்கத்து வீடு. எண்ணிக்கையில் அதிகமான படங்களும் அந்தக் கருவியில் எடுத்தவைதான். என் நோட்டுப் புத்தகத்தின் மூன்றாம் வரிசையைப்போல.

அவர்கள் அந்த முடிவுக்கு எடை கொடுக்கவில்லை. மற்ற இரண்டையும் வைத்து ஐன்ஸ்டைன் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். நவம்பர் 6 அன்று இலண்டனில் இரண்டு அறிவியல் கழகங்களின் கூட்டுக் கூட்டத்தில் அறிவித்தபோது ஐன்ஸ்டைன் ஒரே நாளில் உலகப் புகழ் பெற்றார்.

அப்படியானால் எடிங்டனும் என்னைப்போல ஏமாற்றுக்காரர்தானா? அப்படிச் சொல்பவர்கள் உண்டு. எடிங்டன் புறப்படுவதற்கு முன்பே ஐன்ஸ்டைனின் கோட்பாட்டில் மயங்கியிருந்தார் என்பதும், வேண்டிய விடைக்காகவே வேண்டாத படங்களை ஒதுக்கினார் என்பதும் அவர்களின் வாதம். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியை நான் ஏற்கவில்லை.

சோப்ரால் தகடுகளை அளந்தது எடிங்டன் அல்ல. அந்த வேலை கிரீனிச்சில் அரசு வானியலாளர் ஃபிராங்க் டைசனின் பொறுப்பில் நடந்தது. டைசன் ஐன்ஸ்டைனின் ரசிகரும் அல்ல. இதைவிட முக்கியமானது, கருவி கெட்டுவிட்டது என்ற குறிப்பு எப்போது எழுதப்பட்டது என்பது. கிரகணத்துக்கு மறுநாள் விடியற்காலையில், தகடுகளிலிருந்து ஒரு விகலைகூட அளக்கப்படுவதற்கு முன், குவியம் மாறிவிட்டது என்று சோப்ராலிலேயே பதிந்துவிட்டார்கள். விடை பிடிக்காததால் தேடிக் கண்டுபிடித்த காரணம் அல்ல அது. எடை கொடுப்பதில்லை என்ற முடிவை எண்கள் தெரிந்த பிறகுதான் எடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே மனச்சாய்வு புகுந்திருக்க இடம் உண்டு. ஆனால் 1920-இல் அச்சான அறிக்கையில் 0.93 இருக்கிறது. எதை ஒதுக்கினோம், ஏன் ஒதுக்கினோம் என்ற விளக்கமும் இருக்கிறது. படிப்பவர் உடன்படாவிட்டால் தானே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நான் அழித்தேன். அவர்கள் ஒதுக்கி வைத்தார்கள். இரண்டும் ஒன்றல்ல.

ஒதுக்கி வைத்ததன் பலன் 60 ஆண்டுகள் கழித்து வந்தது. மங்கிப்போன அந்தத் தகடுகளை யாரும் குப்பையில் போடவில்லை. 1979-இல் கிரீனிச் ஆய்வகத்தினர் அவற்றை எடுத்து, அன்று இல்லாத புதிய அளவீட்டு இயந்திரத்தில் வைத்து மறுபடியும் அளந்தார்கள். கணினியின் துணையோடு கணக்கிட்டார்கள். இம்முறை 0.93 வரவில்லை. 1.55 வந்தது, 0.34 வரை கூடலாம் குறையலாம் என்ற எல்லையோடு. மங்கிய படம் என்பதால் எல்லை அகலமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஐன்ஸ்டைனின் எண் அந்த எல்லைக்குள் வசதியாக அடங்குகிறது. 1919-இல் யாராவது ஒருவர் சங்கடப்பட்டு அந்தத் தகடுகளை உடைத்துப் போட்டிருந்தால் இது நடந்திருக்குமா?

நம் வட்டாரத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1922-இல் கிரீனிச் குழு ஒன்று கிறிஸ்மஸ் தீவுக்கு வந்தது. அப்போது அந்தத் தீவு சிங்கப்பூரோடு சேர்த்து ஆளப்பட்டது. மாதக்கணக்கில் தங்கி ஆயத்தம் செய்தார்கள். கிரகண நேரத்தில் மேகம் மூடிவிட்டது, ஒன்றுமே கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை என்றுதான் எழுதினார்கள். 1929-இல் கிரகண நிழல் சுமத்திராவின் வடக்கையும் நம் கெடாவையும் கடந்து போனது. அப்போது ஜெர்மனியின் ஃபிராய்ண்ட்லிஷ் குழு அச்சே மாநிலத்தின் தாக்கேங்கோனில் அளந்து 2.24 விகலை என்று வெளியிட்டது. அது ஐன்ஸ்டைனின் எண்ணையும் தாண்டுகிறது. அந்த எண்ணைப் பற்றி நெடுநாள் வாதம் நடந்தது. வாதம் நடக்க முடிந்ததற்குக் காரணம், அந்த எண் அச்சில் இருந்தது. இன்று கிரகணத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. 1989-இல் விண்ணுக்குப் போன ஹிப்பார்க்கோஸ் செயற்கைக்கோள், சூரியனுக்குச் செங்கோணத் திசையில் இருக்கும் நட்சத்திரங்களின் ஒளிகூட 0.004 விகலை வளைந்தே பூமிக்கு அருகே வந்து சேர்கிறது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் தன் வரைபடத்தைத் தயாரித்தது. ஐன்ஸ்டைன் சொன்னது சரி என்பதில் இப்போது யாருக்கும் ஐயமில்லை.

இனி உங்கள் ஊசலுக்கு வருவோம். நீங்கள் 9.81-ஐ நோக்கி உங்கள் அளவீடுகளைத் தள்ளுகிறீர்களே, அந்த 9.81 எங்கிருந்து வந்தது தெரியுமா? அது இலண்டன், பாரிஸ் பக்கத்து எண். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் புவியீர்ப்பு முடுக்கம் 9.78. துருவங்களில் 9.83. ஆக, ஒழுங்காக அளந்து 9.78 பெற்ற மாணவர் அதை அழித்துவிட்டு 9.81 என்று எழுதினால், சரியான விடையை அழித்துவிட்டுத் தூரதேசத்து விடையை எழுதுகிறார்.

இந்த வேறுபாட்டை முதலில் கண்டவரும் ஓர் ஊசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். 1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவின் கயேன் நகருக்குப் போனார். நம் தைப்பிங் இருக்கும் அதே அட்சரேகை. செவ்வாய்க் கோளைக் கவனிப்பது அவருடைய முக்கியப் பணிகளில் ஒன்று. கையோடு கொண்டுபோன ஊசல் கடிகாரம் பாரிஸில் சரியாக ஓடியது. கயேனில் நாள்தோறும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கியது.

அந்தக் காலத்தில் வானொலியா, கைத்தொலைபேசியா, சரியான நேரம் இதுதான் என்று சொல்ல? அவருக்கு இருந்த ஒரே நடுவர் வானம். ஒரு நட்சத்திரம் நேற்றுக் கடந்த கோட்டை இன்று மறுபடி கடக்க 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆகும். பாரிஸ் ஆனாலும் கயேன் ஆனாலும் அதில் மாற்றமில்லை. நட்சத்திரம் ஏமாற்றாது என்றால் மாறியது ஊசல்தான். பத்து மாதங்கள் வாரந்தவறாமல் சோதித்தார். விநாடி ஊசலை ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் குறைத்தால்தான் கடிகாரம் வானத்தோடு ஒத்துப்போனது.

பாரிஸில் எல்லாரும் உடனே நம்பிவிடவில்லை. வெப்பத்தில் உலோகம் நீண்டிருக்கும், அவ்வளவுதான் என்றார்கள். நியாயமான ஐயம்தான். நியூட்டன் அதையும் எடைபோட்டுப் பார்த்து, வெப்பத்தால் அவ்வளவு நீளாது என்றார். 1687-இல் வெளிவந்த தம் நூலில் ரிஷேயின் அளவீட்டைப் பயன்படுத்தி, பூமி சுழல்வதால் நடுவில் சற்றுப் பருத்திருக்கிறது, அதனால் பூமத்திய ரேகைப் பக்கம் ஈர்ப்பு குறைகிறது என்று வாதிட்டார். இன்று நமக்குத் தெரியும்: நடுக்கோட்டில் பூமியின் ஆரம் துருவ ஆரத்தைவிட 21 கிலோமீட்டர் அதிகம். கடிகாரம் கெட்டுவிட்டது என்று முள்ளைத் திருப்பி வைத்துவிட்டு ரிஷே செவ்வாயைப் பார்க்கப் போயிருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்போது என் 10.84. ஊசலை விடும்போதே “ஒன்று” என்று எண்ணத் தொடங்கினால், “இருபது” என்று சொல்லும்போது உண்மையில் 19 அலைவுகள்தான் முடிந்திருக்கும். 19 அலைவுகளின் நேரத்தை 20-ஆல் வகுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 9.78 வரவேண்டிய இடத்தில் என்ன வருகிறது? 10.84. மூன்றாம் முறை எண்ணியவன் “சுழியம்” என்று தொடங்காமல் “ஒன்று” என்று தொடங்கியிருக்கிறான். அந்த எண், தான் எப்படித் தவறானது என்பதைத் தானே சொல்லிக்கொண்டிருந்தது. நான் கேட்கவில்லை. வாரக்கணக்கில் யோசித்திருக்க வேண்டியதில்லை, பத்து நிமிடம் போதும். அன்று ஆய்வுக்கூடத்தில் நான் உண்மையாகக் கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒரே விஷயம் அதுதான். மற்ற நான்கும் ஏற்கெனவே புத்தகத்தில் இருந்தவை.

புள்ளிகள் போய்விடுமே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அந்தப் பயம் பொய்யல்ல. நம் பள்ளிகளில் பல இடங்களில் பரிசோதனை அறிக்கை என்றால் புத்தக விடைக்கு எவ்வளவு பக்கத்தில் வந்தோம் என்ற போட்டிதான். ஆசிரியர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்: அறிக்கையில் ஒதுக்கிய அளவீடும் காரணமும் என்று ஒரு கட்டம் சேருங்கள், அந்தக் கட்டத்துக்கும் புள்ளி கொடுங்கள். கட்டம் இல்லாவிட்டாலும், மாணவர்களே, நீங்களே ஒன்று வரைந்துகொள்ளலாம். தவறான எண்ணின்மேல் ஒரே ஒரு கோடு போடுங்கள், அடியில் உள்ளது படிக்கும்படி இருக்கட்டும். பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். எழுதுமுன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இது தவறு என்று எனக்கு எப்போது தெரிந்தது, நூல் தாங்கியில் இடித்தபோதா, புத்தகத்தைத் திறந்தபோதா? புத்தகத்தைத் திறந்தபோது என்றால், காரணம் தெரியவில்லை என்றே எழுதுங்கள்.

9.78-க்கும் 9.81-க்கும் உள்ள வேறுபாட்டை அரை மீட்டர் நூலில் 20 அலைவுகளில் பிடிக்க முடியாது. ஒரு விநாடியில் நூற்றில் நான்கு பங்குதான் மாறும், உங்கள் விரல் அதைவிட மெதுவானது. ஆனால் நூலை 1 மீட்டராக்கி 300 அலைவுகள் எண்ணினால் கதை வேறு. 9.81 ஆக இருந்தால் 601.8 விநாடி ஆகும். 9.78 ஆக இருந்தால் 602.7 விநாடி. ஏறக்குறைய ஒரு விநாடி வேறுபாடு. இதை உங்கள் கையிலுள்ள ஸ்டாப்வாட்ச் பிடித்துவிடும். கனமான குண்டாகப் பாருங்கள், மின்விசிறியை அடைத்துவிடுங்கள், குண்டை 5 சென்டிமீட்டருக்கு மேல் இழுத்து விடாதீர்கள். நீளத்தில் 3 மில்லிமீட்டர் பிசகினால் மலேசியா இலண்டனாகிவிடும். ஆகவே குண்டைத் தொங்கவிட்ட பிறகே நூலை அளந்துகொள்ளுங்கள், மேல் முடிச்சிலிருந்து குண்டின் நடுப்புள்ளி வரை. எண்ணும்போது சுழியத்திலிருந்து தொடங்குங்கள்.